சிறுத்தைக் கணக்கும் எமது காணிக் கணக்கும்

"மனிசர் இருக்கக் காணியில்லை, சிறுத்தைக்குக் காணி தேடுகினம்" என்ற பேச்சு எமது மக்கள் கூடும் இடங்களில் அடிக்கடி எழுகின்றது. இப்பேச்சில் உள்ள வேதனை நியாயமானது. நான்கு, ஐந்து தடவைகள் இடம்பெயர்ந்து, தறப்பாளின் கீழும் ஓலைக் கொட்டிலிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் காலத்தைக் கழித்த விவசாயக் குடும்பங்கள், தமது வயலைத் தேடிச் சென்றபோது அங்கே காட்டுத் திணைக்களத்தின் எல்லைக் கல் நடப்பட்டிருப்பதைக் கண்டால் வேறு எவ்வாறு பேசும்? எனினும், வேதனை நியாயமானது என்பதனால் அதிலிருந்து எடுக்கும் முடிவும் சரியானது என்று ஆகிவிடாது. சிறுத்தையைக் கணக்கெடுத்துக் காப்பாற்றும் முயற்சி எமக்கு எதிரானது என்று ஒதுக்கிவிட்டால் சிறுத்தையோடு சேர்ந்து நாமும் நட்டமடைவோம் என்பதே எமது கருத்து. அதற்கான காரணங்களை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எந்த விலங்கைப் பற்றிப் பேசுகின்றோம்?

இலங்கையின் காடுகளில் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு இனங்கள் வாழ்கின்றன. பெரியது சிறுத்தை. வன்னியின் முதியவர்கள் இதனைப் புலி என்றே சொல்லிப் பழகியவர்கள். மற்றைய மூன்றும் சிறியவை. குளக்கரையிலும் களப்போரத்திலும் மீன் பிடித்துத் தின்னும் கொடுப்புலி ஒன்று; பற்றைகளில் திரியும் காட்டுப்பூனை மற்றொன்று; உடலில் துரு நிறப் புள்ளிகள் கொண்ட, வீட்டுப் பூனையிலும் சிறிதான துரும்பன் பூனை மூன்றாவது.

இந்தியாவிலே வேங்கைக்கும் சிங்கத்துக்கும் அஞ்சி வாழும் சிறுத்தைக்கு, இலங்கையில் போட்டியாளர் எவரும் இல்லை. எமது காடுகளில் அதுவே தலைமை வேட்டை விலங்கு. இத்தீவிலன்றி வேறெங்கும் இல்லாத தனி உபஇனமாக இதனை 1956 இல் பி. ஈ. பி. தெரணியகல பெயரிட்டு வகைப்படுத்தினார். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008 இல் இதனை அழியும் ஆபத்திலுள்ள விலங்காகப் பட்டியலிட்டது. 2020 இல் செய்த மறுமதிப்பீட்டில் ஒரு படி குறைந்த 'எளிதில் பாதிப்புறும்' வகுப்பில் வைத்தது. இந்த மாற்றத்தைக் கண்டு ஆபத்து நீங்கிவிட்டது என்று எவரும் எண்ணலாகாது. நாடு முழுவதிலும் முதிர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்பதே அந்த மதிப்பீட்டின் அடிப்படை. ஒரு சிறிய கிராமத்தின் சனத்தொகை அளவுதான் இது.

எவ்வாறு கணக்கெடுக்கிறார்கள்?

மனிதருக்குக் கைரேகை போல, ஒவ்வொரு சிறுத்தைக்கும் உடலிலுள்ள புள்ளிக் கூட்டம் வேறுபடும். வலப் பக்கப் புள்ளிகள் இடப் பக்கத்தைப் போல இருப்பதில்லை. ஆகவே காட்டுப் பாதையின் இரு கரையிலும் எதிரெதிராகத் தானியங்கிக் கமெராக்களைக் கட்டிவைத்து, விலங்கு நடுவே நடக்கும்போது இரு பக்கத்தையும் படம் பிடிக்கின்றனர். அதன் பின்னர் படங்களை ஒப்பிட்டு, இது அன்று வந்த அதே விலங்கா, புதியதா என்று தீர்மானிக்கின்றனர். கால் தடம், எச்சம், மரத்தில் நகம் கீறிய அடையாளம் ஆகியனவும் சான்றாகச் சேர்க்கப்படுகின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகிய ஆய்வாளர்கள் யால, மலையகம், வில்பத்து ஆகிய இடங்களில் இவ்வாறான பணியைத் தொடர்ந்து செய்து வருகின்றனர்.

வில்பத்து 1938 இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்குள்ள விலங்குகள் பற்றி ஐசன்பேர்க், லொக்காட் ஆகியோர் செய்த விரிவான ஆய்வு 1972 இல் வெளிவந்தது. பின்னர் போர் வந்தது. 1980 களின் இறுதியில் மூடப்பட்ட வனம் 2003 இல் திறக்கப்பட்டது. 2006 இல் கண்ணிவெடியில் பார்வையாளர்கள் இறந்ததும் மீண்டும் மூடப்பட்டு 2010 இல் திறக்கப்பட்டது. வில்பத்துக்கே இக்கதி என்றால், அதற்கு வடக்கே மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காடுகளின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் அக்காடுகளில் ஆய்வாளர் கால் வைக்க இயலவில்லை. அக்காலத்தில் அக்காடுகளை அறிந்திருந்தோர் அங்கே மாடு மேய்த்தவர்களும், தேன் எடுத்தவர்களும், குண்டுக்கு அஞ்சி அதற்குள் ஒளித்திருந்தவர்களுமே. அதாவது, எமது மக்களே. அவர்களுடைய அறிவு எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

காணி காடான கதை

1990 ஒக்டோபரில் முசலிப் பிரதேசத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்து மக்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதுமே பெயர்ந்தது. மனிதர் நீங்கிய வயலில் முதலில் பற்றை வளரும். பற்றைக்குள் முயலும் மயிலும் பன்றியும் வரும். ஐந்து பத்து ஆண்டுகளில் மரங்கள் தலையெடுக்க, மானும் மரையும் வரும். அவற்றின் பின்னே சிறுத்தை வரும். இதில் சிறுத்தையின் சதி எதுவும் இல்லை. வெறுமையாகக் கிடந்த இடத்துக்கு அது இரை தேடி வந்தது.

திரும்பி வந்த மக்களும் தங்கிவிட்ட விலங்குகளும் எதிர்ப்படும்போது என்ன நடக்கும் என்பதைக் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் 2018 யூன் 21 ஆம் திகதி கண்டோம். ஊருக்குள் புகுந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவரும் காயமடைந்தார். பின்னர் ஊரவர்கள் அதனை அடித்துக் கொன்றனர். அந்த ஒளிப்பதிவு நாடெங்கும் பரவி, கண்டனம் எழுந்து, கைதுகளும் நடைபெற்றன. கொன்றதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால், கண்டித்தவர்களில் எத்தனை பேர் தமது பிள்ளை விளையாடும் முற்றத்தில் சிறுத்தையைக் கண்டவர்கள் என்று கேட்கவும் எமக்கு உரிமை உண்டு. மயக்க ஊசி போடத்தக்க மிருக வைத்தியரும் கூண்டும் விரைவில் வந்து சேரும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தால், பொல்லுத் தூக்க வேண்டிய தேவை மக்களுக்கு ஏற்படாது.

எமது அச்சம் எங்கே இருக்கின்றது?

உண்மையில் எமது மக்கள் சிறுத்தையின் பல்லுக்கு அஞ்சுவதிலும் பார்க்க வர்த்தமானிக்கே கூடுதலாக அஞ்சுகின்றனர். 2012 இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் முசலிப் பகுதியின் காடுகள் சேர்க்கப்பட்டு மாவில்லுப் பேணற்காடு பிரகடனப்படுத்தப்பட்டது. தாம் வாழ்ந்த, உழுத, மாடு மேய்த்த இடங்களும் அதற்குள் அடங்கின என்று அப்பகுதி மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். வானிலிருந்து எடுத்த படத்தில் இருபது வருடப் பற்றையும் இருநூறு வருடக் காடும் ஒரே பச்சையாகவே தெரியும். அதற்குள் கிடக்கும் கிணற்றுக் கட்டும், வரம்பும், உடைந்த கோவில் சுவரும் படத்தில் தெரியமாட்டா. ஊரவர் ஒருவரோடு கூட நடந்து பார்த்தாலே தெரியும்.

முள்ளிக்குளத்தின் நிலைமை வேறு விதமானது. வில்பத்தின் வட எல்லையை அடுத்துள்ள அவ்வூரில் அமைந்தது கடற்படைத் தளம். மக்கள் தொடர்ச்சியாகப் போராடிய பின்னரே, 2017 ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்று கடற்படைத் தளபதி அறிவித்தார். சிறுத்தை வாழும் காட்டின் ஓரத்தில் முகாம் இருக்கலாம், ஆனால் உழவன் இருக்கக்கூடாது என்றால் அது விலங்குப் பாதுகாப்பாகுமா? இக்கேள்வியை அமைதியாக, ஆனால் விடாது கேட்க வேண்டும்.

ஆகவே, காடு காக்கப்படுவதை நாம் எதிர்க்கவில்லை. எம்மைக் கேளாமல், எமக்குத் தெரியாமல் கோடு கீறப்படுவதையே எதிர்க்கின்றோம். இவ்விரண்டையும் பிரித்துப் பேசப் பழகிக்கொள்வது அவசியம். பிரிக்காமல் பேசினால், "இம்மக்கள் காட்டை அழிப்பவர்கள்" என்று சொல்லக் காத்திருப்போருக்கு நாமே வாய்ப்பளித்தவர்களாவோம்.

மனிதரும் சிறுத்தையும் ஒரே இடத்தில் வாழ முடியுமா?

மலையகத்தைப் பாருங்கள். அங்கே தேயிலைத் தோட்டங்களின் நடுவிலும் ஓடைக் கரைகளிலும் எஞ்சியுள்ள சிறு காடுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. லயங்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவை இரவில் நடமாடுவதைக் கமெராக்கள் பதிவு செய்துள்ளன. நாய்களை இழக்கிறார்கள், சிலர் காயமடைந்தும் இருக்கிறார்கள். எனினும் சிறுத்தை இருக்கிறது என்பதற்காக எவரும் தேயிலைத் தோட்டத்தை வெறுமையாக்கும்படி கேட்கவில்லை. தேயிலைக்குப் பொருந்தும் நியாயம் எமது நெல்வயலுக்கும் பொருந்த வேண்டும். இந்த நியாயத்தை நாம் எடுத்துச் சொல்வதற்குச் சான்றாக நிற்பது சிறுத்தைக் கணக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். கணக்கெடுத்திராவிட்டால் அங்கே சிறுத்தை வாழ்கிறது என்பதே வெளியுலகுக்குத் தெரிந்திராது.

மலையகத்தின் மற்றப் பாடம் கசப்பானது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபானத் தோட்டத்தில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும் சில நாட்களில் இறந்துபோயிற்று. அச்சுருக்கு சிறுத்தைக்கென்று வைக்கப்பட்டதன்று. இலங்கையில் சிறுத்தைகளின் சாவுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, பன்றிக்கும் மானுக்கும் என்று வைக்கப்படும் இந்தச் சுருக்குக் கம்பியே.

சுருக்குக் கம்பியைப் பற்றிச் சில வார்த்தைகள்

காலபோக வயலைப் பன்றி ஓர் இரவில் உழுதுவிட்டுப் போவதன் வலியை நாம் அறிவோம். கடன்பட்டு விதைத்தவன் கம்பி வைப்பது ஆசையினால் அன்று. இருந்தும் இரண்டு விடயங்களை எண்ணிப் பார்க்குமாறு கேட்கின்றோம். முதலாவது, சுருக்குக்குக் கண் இல்லை. பன்றி அகப்படும் அதே சுருக்கில் அயலவரின் பசுக்கன்றும், எமது நாயும், சிறுத்தையும் அகப்படும். கட்டுத்துவக்கு இன்னும் கொடியது. அது மனிதரையும் முடமாக்கும். இரண்டாவது, மானையும் பன்றிக்குட்டியையும் குரங்கையும் தின்று அவற்றின் பெருக்கத்தைத் தணிக்கும் பெரிய வேட்டை விலங்கு எமது காட்டில் சிறுத்தைதான். அதைக் கொன்றுவிட்டுப் பன்றி பெருகிவிட்டது என்று முறையிடுவதில் பொருளில்லை. சிறிய பூனைகளின் சேவையையும் மறக்கக்கூடாது. காட்டுப்பூனையும் துரும்பன் பூனையும் பெரும்பாலும் எலி தின்று வாழ்பவை. நெல் மூட்டையை எலிக்குப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இதன் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை.

கொடுப்புலிக்கு நேரும் அநியாயம் வேறு. உடலில் புள்ளி இருப்பதால் சிறுத்தைக் குட்டி என்று எண்ணிப் பலர் அதனை அடித்துக் கொல்கின்றனர். வால் குட்டையாகவும், உடல் சாம்பல் நிறம் கலந்ததாகவும், காதும் காலும் சிறிதாகவும் இருந்தால் அது கொடுப்புலி. மனிதரைத் தேடி வந்து தாக்கும் வழக்கம் அதற்கு இல்லை. அவ்வாறே, பற்றை வெட்டும்போது புள்ளியுள்ள குட்டிகளைக் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும். சற்று விலகி நின்று, அன்றைக்கு அந்த மூலையை வெட்டாமல் விட்டால், இரவில் தாய் தன் குட்டிகளைக் கொண்டு போய்விடும்.

நாம் செய்யக்கூடியது: ஊர்ப் பதிவுக் கொப்பி

எமது யோசனை எளியது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். பங்கு மனையிலோ, மாதர் சங்கத்திலோ, கமக்காரர் அமைப்பிலோ அது இருக்கலாம். சிறுத்தையையோ மற்றைய காட்டுப் பூனைகளையோ கண்டவர்கள் நாள், நேரம், இடம், கண்டது என்ன என்பவற்றைச் சொல்ல, எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டும். கால் தடம் கண்டால் அதன் பக்கத்தில் தீப்பெட்டி ஒன்றை வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கலாம். தடத்தின் அளவு விளங்கும். விலங்கைக் கிட்டச் சென்று படம் எடுக்க முயல வேண்டாம். பட்டியில் கன்று போனால் அதையும் எழுத வேண்டும். எங்கே சுருக்குக் கம்பி கண்டு அகற்றினோம் என்பதையும் எழுத வேண்டும்.

அதே கொப்பியின் மறுபக்கத்தில் இன்னொரு கணக்கையும் எழுதும்படி கேட்கின்றோம். அது எமது ஊரின் கணக்கு. எந்தக் குளம் யாருடைய காலத்தில் கட்டப்பட்டது, எந்த வயல் எந்தக் குடும்பம் செய்தது, கிணறு எங்கே, மாட்டுப் பாதை எங்கே, சேமக்காலை எங்கே, உத்தரவுப் பத்திரம் யாரிடம் உண்டு, யாருடையது இடப்பெயர்வில் தொலைந்தது என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். இவ்விரு கணக்கும் ஒரே கொப்பியில் இருக்கும்போது, "இங்கே சிறுத்தை உண்டு" என்று சொல்பவரிடம் "ஆம், உண்டு; அதை எழுதி வைத்தவர்களே நாங்கள்தான்; நாங்களும் இங்கே உண்டு" என்று சொல்ல முடியும். அடுத்த தடவை கோடு கீற வருபவர்கள் வெறும் பச்சைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேச முடியாது.

இன்னும் தம் ஊருக்குத் திரும்ப முடியாத குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எந்தத் துரவில் விலங்குகள் நீர் குடித்தன, எந்தக் கற்பாறையில் சிறுத்தை குட்டி ஈன்றது, கோடையில் எவ்வழியாக மான் கூட்டம் போனது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் வாடகை வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறார்கள். காட்டுக்குள் நுழையுமுன் ஐயனாருக்குக் கொப்பு முறித்துக் கட்டிவிட்டுப் போன தலைமுறை அது. கத்தோலிக்கரும் சைவரும் முஸ்லிம்களும் ஒரே காட்டுக்குள் தேனுக்குச் சென்ற காலத்தை அவர்கள் கண்டவர்கள். அவர்கள் கண்மூடுமுன் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொண்டால், 1980 களுக்கு முந்திய காட்டின் நிலையும் ஊரின் நிலையும் ஒருங்கே பதிவாகும். அத்தகைய பதிவு இன்று எந்த ஆய்வாளரிடமும் இல்லாத செல்வம்.

மற்றவர்களிடம் நாம் கேட்பது

கடமை எம்மிடம் மட்டும் இருப்பதன்று. ஆய்வாளர்கள் எமது காடுகளில் கமெரா கட்டும்போது ஊர்க் கூட்டத்தில் வந்து சொல்லிவிட்டுக் கட்ட வேண்டும். பிடித்த படங்களைத் தமிழில் விளக்கத்தோடு ஊரவருக்குக் காட்ட வேண்டும். எமது இளைஞர் சிலரைப் பயிற்றி ஊதியத்துடன் அவ்வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்கம் எந்த எல்லையையும் வர்த்தமானியில் இடுமுன் பிரதேச செயலாளர், கிராம அலுவலர், ஊர் முதியவர்கள் ஆகியோருடன் அந்த எல்லையை நடந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே இட்டவற்றையும் அவ்வாறே மீளாய்வு செய்ய வேண்டும். யால வனத்தின் ஓரத்தில் மாடு வளர்ப்போருக்கு, இரவில் கன்றுகளை அடைக்க இரும்புக் கூடுகள் வழங்கப்பட்டு, கன்றிழப்புக் குறைந்ததாகச் சொல்லப்படுகிறது. வன்னியின் பட்டிக்காரருக்கும் அவ்வுதவி கிடைக்க வேண்டும். கன்றை இழந்தவருக்கு விரைவான இழப்பீடு கிடைத்தால் நஞ்சு வைக்கும் எண்ணம் தோன்றாது.

திருச்சபையின் அபிவிருத்திப் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. விடுதலைப் பயண நூலின் 23 ஆம் அதிகாரத்தில், ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடும்படி ஆண்டவர் இஸ்ராயேல் மக்களுக்குக் கட்டளையிடுகிறார். அந்நிலத்தில் தானாக விளைவதை முதலில் ஏழைகள் உண்ண வேண்டும். அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ண வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழையையும் காட்டு விலங்கையும் ஒரே வயலில், ஒரே கட்டளையில் வைத்துப் பேசுகிறது இறைவார்த்தை. ஒன்றின் பெயரால் மற்றதைத் துரத்தச் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் எழுதிய சுற்றுமடலும், மண்ணின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கும்படி எம்மை அழைத்தது. காணி மீட்கும் கூட்டத்தையும் காடு காக்கும் கூட்டத்தையும் வேறு வேறு நாட்களில், வேறு வேறு ஆட்களுடன் நடத்தும் வழக்கத்தை இனியாவது நாம் கைவிட வேண்டும்.

ஓகஸ்ட் 1 ஆம் நாள் இலங்கைச் சிறுத்தை தினமாக இப்போது நினைவுகூரப்படுகின்றது. அந்நாளை அண்டிவரும் ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்குப் பின்னர் ஒவ்வொரு பங்கிலும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கொப்பியும் பேனையும் போதும். முதற்பக்கத்தில் ஊரின் பெயரையும், ஊரை விட்டுப் போன ஆண்டையும், திரும்பி வந்த ஆண்டையும் எழுதுங்கள். இன்னும் திரும்பவில்லையாயின் அவ்விடத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். எழுதும் நாள் வரும். அடுத்த பக்கத்தில், கடைசியாகச் சிறுத்தையைக் கண்டவர் யார் என்று கேட்டு எழுதத் தொடங்குங்கள்.